பழைய டீசல் பிரெஸ்ஸாவுக்கு ஒரு லட்சம் செலவு பண்றதா இருந்தா எதுக்கு: டயரா, லைட்டா, ரீமேப்பா, அலாயா?

2016 மார்ச்ல இருந்து 2020 ஆரம்பம் வரைக்கும் மாருதி வித்த 1.3 டீசல் விட்டாரா பிரெஸ்ஸாவை இன்னும் தினசரி ஆபீஸ், ஸ்கூல், மார்க்கெட்னு ஓட்டிட்டு இருக்கவங்க கோயமுத்தூர் பக்கம் எக்கச்சக்கம் பேர், நானும் அதுல ஒருத்தன், என்னோடது நடு ரகமான விடிஐ (கீழ் ரகம் எல்டிஐ, மேல் ரகம் இசட்டிஐ). வண்டிக்கு வயசாயிடுச்சு, லோன் முடிஞ்சிருச்சு, என்ஜின் நல்லா இருக்கு, விக்க மனசு வரல. சரி ஒரு லட்ச ரூபா ஒதுக்கி வண்டிய கொஞ்சம் சரி பண்ணி இன்னும் நல்லா ஓட்டலாம்னு கிளம்புனா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. டயர் கடையில 17 இன்ச் அலாய் போடுங்கன்னு சொல்றாங்க, ஆக்சசரீஸ் கடையில பெரிய ஆண்ட்ராய்டு ஸ்கிரீன், ட்யூனிங் பண்ற தம்பி ரீமேப் (என்ஜின் சாஃப்ட்வேர மாத்தறது) பண்ணுங்கண்ணா வண்டி பறக்கும்ங்கறார், வீட்ல கேட்டா ராத்திரி உங்க லைட்டுல ரோடே தெரிய மாட்டேங்குது அத மாத்துங்கங்கறாங்க. இதுல எது முதல்ல, எது அப்புறம், எது வேண்டவே வேண்டாம்னு நான் யோசிச்சது, விசாரிச்சது, பண்ணிப் பாத்தது எல்லாத்தையும் இங்க எழுதிடறேன்.

முதல்ல "இத குடுத்துட்டு புதுசு வாங்கிடலாமே"ங்கற கேள்விய முடிச்சிடலாம். 2022 ஜூன்ல வந்த புது பிரெஸ்ஸா 1.5 பெட்ரோல், அப்புறம் சிஎன்ஜி, டீசல் கிடையாது. அது நல்ல வண்டி, மறுக்கல. ஆனா அதோட 137 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை சக்தி) 4400 ஆர்பிஎம்ல வருது, நம்ம பழைய டீசல்ல 200 நியூட்டன் மீட்டர் 1750லயே வந்துடுது, அஞ்சு பேர் லக்கேஜோட ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுனவங்களுக்கு இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால்லயே தெரியும். டெல்லி மாதிரி பத்து வருசத்துல டீசல ஓரங்கட்டற ரூல் தமிழ்நாட்டுல இல்ல, ஆர்சி பதினஞ்சு வருசம், அதுக்கப்புறம் எஃப்சி காட்டி அஞ்சு அஞ்சு வருசமா புதுப்பிச்சுக்கலாம். அதனால இன்னும் ஏழெட்டு வருசம் ஓட்டப் போற வண்டிக்கு ஒரு லட்சம் போடறது வீண் இல்ல, எதுல போடறோம்ங்கறதுதான் விஷயம்.

என் முடிவ முன்னாடியே சொல்லிடறேன். டயரும் அடிப்பாகமும் (ஷாக், புஷ் மாதிரி சஸ்பென்ஷன் பார்ட்ஸ்) முதல்ல, அடுத்தது ஹெட்லைட், அதுக்கு அப்புறம் காசு மிச்சம் இருந்தா கதவுக்கு அதிர்வு அமுக்கற டேம்பிங் ஷீட்டும் டேஷ்கேமும், ரீமேப் கடைசி, அதுவும் கிளட்ச் மாத்தற சமயம் வந்தா மட்டும். 17 இன்ச் அலாய் என் லிஸ்ட்லயே இல்ல.

அடிப்பாகம்னு சொன்னா யாருக்கும் ஆசை வராது, கண்ணுக்குத் தெரியாத செலவு, பக்கத்து வீட்டுக்காரர் பாத்து "என்ன சார் புதுசா"ன்னு கேக்க மாட்டார். ஆனா அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் நம்ம ரோட்டுல ஓடுன எந்த வண்டிக்கும் ஷாக் அப்சார்பர் பாதி உயிர்லதான் இருக்கும், அது மெல்ல மெல்ல போறதால ஓட்டறவருக்கே தெரியாது, நாமளும் அதுக்கேத்த மாதிரி ஓட்டப் பழகிடறோம். சத்தத்த வச்சே நிறைய கண்டுபிடிக்கலாம். ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா இறங்கும்போது முன்னாடி "கடக்"னு ஒரே ஒரு சத்தம் வந்தா பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ். குண்டும் குழியுமா இருக்கற தெருவுல பத்து பதினஞ்சு ஸ்பீடுல போகும்போது "டொக் டொக் டொக்"னு விடாம வந்தா லிங்க் ராடு. வண்டி நிக்கும்போது ஸ்டியரிங்க முழுசா திருப்புனா ஸ்பிரிங் முறுக்கி விட்ட மாதிரி "டிங்"னு வந்தா மேல இருக்கற ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங். ரேம்ப்ல ஏத்தி கம்பி வச்சு லோயர் ஆர்ம நெம்பச் சொல்லிப் பாருங்க, என் வண்டியில நெம்புனப்போ புஷ் ரப்பர் நடுவுல விரல் நகம் போற அளவுக்கு விரிசல், அதப் பாத்த அப்புறம் மெக்கானிக் எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாம போச்சு.

இதுக்கு வழி மூணு. ஒண்ணு, கம்பெனி ஒரிஜினல் பார்ட்ஸ் போட்டு புதுசுல எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பக் கொண்டு வர்றது. ரெண்டு, கேப்ரியேல், மன்ரோ, கேஒய்பி மாதிரி வெளி பிராண்ட் ஷாக், சிலது ஸ்டாக்க விட கொஞ்சம் இறுக்கமா இருக்கும், சிலது விலையில கம்மி. மூணாவது, ஸ்பேசர் வச்சு வண்டிய இருபத்தஞ்சு மில்லி தூக்கறது, இல்லன்னா ஸ்பிரிங் நடுவுல ரப்பர் பஃபர் சொருகறது. இந்த மூணாவது வழிய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏற்கனவே 198 மில்லி கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கற வண்டி, ஸ்பேசர் வச்சா டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறுது, அதோட முனையில இருக்கற சிவி ஜாயின்ட்டோட ரப்பர் உறை சீக்கிரம் கிழியுது, முன் சக்கரம் சாயற கோணம் (கேம்பர்) மாறி டயர் ஒரு பக்கமா தேயுது. ரப்பர் பஃபர் வச்சா லோடு ஏத்துனப்போ பின்னாடி அமுங்காது, உண்மைதான், ஆனா ஸ்பிரிங்கோட வேலையவே அது பாதி தடுக்குது, காலி வண்டியில பின் சீட்ல உக்காந்த அம்மா அப்பாவுக்கு இடுப்பு வலிதான் மிச்சம். எனக்குப் புடிச்சது முதல் வழி. நாலு ஷாக், முன் மவுன்ட், பேரிங், ரெண்டு லோயர் ஆர்ம், லிங்க் ராடு எல்லாம் சேத்து வேலைக்கூலியோட முப்பதுல இருந்து முப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள முடியும், கடைக்குக் கடை மாறும். ஷாக்க மாத்தும்போது ஜோடியா மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்துனா பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

இதோடவே பிரேக் ஆயிலையும் மாத்திடுங்க. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், இந்த வெயிட்டுக்கு அது போதுமான செட்டப்தான், பெரிய டிஸ்க், ஸ்டீல் ஹோஸ்னு எதுவும் தேவையில்ல. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ஈரம் சேர்ந்த ஆயில் சூடாகும்போது சீக்கிரம் கொதிச்சு பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், கோத்தகிரி இறக்கத்துல அது நடக்கக் கூடாது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும், ஆயிரம் ரூபா பக்கத்துல முடியற வேலை, நிறைய பேர் வண்டி வாங்குனதுல இருந்து மாத்துனதே இல்ல.

இப்ப டயர். இங்கதான் அலாய் பேச்சும் வருது, ரெண்டையும் சேத்தே பாப்போம். எல்டிஐ, விடிஐக்கு கம்பெனி குடுத்தது 205/60 ஆர்16 (205 மில்லி அகலம், அதுல 60 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 16 இன்ச் ரிம்), இசட்டிஐக்கு 215/60 ஆர்16. கணக்குப் போட்டா 205ஓட மொத்த உயரம் 652 மில்லி, 215ஓடது 664 மில்லி, வித்தியாசம் 1.8 சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 102 பழைய கணக்குக்கு ஓடும், அவ்ளோதான். வண்டி ஆறு மில்லி உயரும், சைடுவால், அதாவது பக்கச்சுவர், 123ல இருந்து 129 மில்லி ஆகும், அதாவது குழியில விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல கூடுதலா ஆறு மில்லி ரப்பர். ரிம் அகலம் ஆறு இன்ச் இருந்தா 215 சரியா உக்காரும், ரிம்முல உள்பக்கம் 16க்கு 6ஜெனு அடிச்சிருக்கும், பாத்துக்கோங்க. இதே மாடலுக்கு கம்பெனியே குடுத்த சைஸ்ங்கறதால நாளைக்கு யாரும் கேள்வி கேக்கவும் வழியில்ல.

சில பேர் இன்னும் ஒரு படி போயி 225/60 ஆர்16 போடறாங்க, பாக்க குண்டா கம்பீரமா இருக்கும். அது 676 மில்லி, பழசோட ஒப்பிட்டா 3.7 சதவீதம் கூட, மூணு சதவீதத்த தாண்டக் கூடாதுங்கறது டயர் விஷயத்துல பொதுவா எல்லாரும் ஒத்துக்கற கணக்கு. தாண்டுனா மீட்டர் பொய் சொல்லும், கியர் ரேஷியோ உயர்ந்த மாதிரி ஆகி ரெண்டாவது கியர்ல தெணறும், ஏற்கனவே 1800க்கு கீழ தூங்கற என்ஜின் இது, ஸ்டியரிங் முழுசா ஒடிச்சா வீல் ஆர்ச் பிளாஸ்டிக்ல உரசவும் வாய்ப்பிருக்கு.

17 இன்ச் அலாயோட 215/55 போட்டா உயரம் 668, கணக்குப்படி 2.4 சதவீதம், ஓகேதான். சைடுவால் 118 மில்லிக்கு இறங்கிடுது, 215/60 ஓட ஒப்பிட்டா பதினொரு மில்லி கம்மி. அவிநாசி ரோட்டுல மட்டும் ஓட்டறவங்களுக்கு அது ஒண்ணும் தெரியாது, ஆனா குடிநீர் குழாய்க்கு தோண்டி மூடாம விட்ட தெருவுல தினம் போறவங்களுக்கு ரிம் வளையறதும் டயர் பக்கவாட்டுல வீக்கம் வர்றதும் எப்ப வேணா நடக்கும். ஸ்டீல் ரிம் வளைஞ்சா தட்டி எடுத்துடலாம், அலாய் வெடிச்சா வெல்டிங் வச்சு ஓட்டறத நான் நம்ப மாட்டேன். மேல விலை வேற, நாலு நல்ல அலாயும் நாலு 17 இன்ச் டயரும் சேத்தா உங்க ஒரு லட்சம் கிட்டத்தட்ட அங்கயே முடிஞ்சிடும்.

இல்ல எனக்கு அலாய் வேணும்னு ஆசையா இருந்தா, தப்பே இல்ல, 16 இன்ச்லயே போடுங்க. முடிஞ்சா இசட்டிஐல இருந்து கழட்டுன கம்பெனி அலாய் நாலு தேடிப் பிடிங்க. வெளி அலாய் வாங்குனா போல்ட் அளவு 5க்கு 114.3 (அஞ்சு போல்ட், 114.3 மில்லி வட்டத்துல) சரியா இருக்குன்னு மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க, நடு ஓட்டையையும் பாக்கணும். சுசுகி ஹப் 60.1 மில்லி. வெளி அலாய் பல வண்டிக்கும் பொதுவா வர்றதால நடு ஓட்ட பெருசா இருக்கும், அந்த இடைவெளிய அடைக்க ஹப் ரிங் போடாம மாட்டுனா சக்கரம் நடு மையத்துல உக்காராது, எண்பது தாண்டுனதும் ஸ்டியரிங் நடுங்கும், நீங்க பேலன்சிங் பேலன்சிங்னு அலைஞ்சிட்டே இருப்பீங்க. சின்ன வளையம், விலை ரொம்ப கம்மி, கேட்டாதான் போடுவாங்க.

டயர் வாங்கும்போது பிராண்ட விட தேதி முக்கியம்னு நான் சொல்வேன். பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2325ன்னா 2025ஓட 23வது வாரம். ரெண்டு வருசம் குடோன்ல கெடந்த டயர "நல்ல ரேட்"னு தள்ளி விடுவாங்க, நாலு டயரோட நம்பரையும் குனிஞ்சு பாத்துட்டு அப்புறம் காசக் குடுங்க. டயர் எவ்ளோ எடை தாங்கும்னு சொல்ற லோடு இன்டெக்ஸ் நம்பர் கம்பெனி குடுத்தத விட கம்மியா போகக் கூடாது. 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆயிடுச்சு, பில்லுல அது சரியா வருதான்னும் பாருங்க. நாலு 215/60க்கு முப்பத்தஞ்சு நாப்பதாயிரம் ஆகும். ரொம்ப கட்டியான, லட்சம் கிலோமீட்டர் ஓடும்னு சொல்ற டயர விட மழையில புடிக்கற சாஃப்ட் டயர் எனக்கு மேல், அது சீக்கிரம் தேயும், தேயட்டும். தேயற ரப்பர்தான் பிரேக் அடிக்கும்போது ரோட்டையும் நல்லா புடிக்குது இல்லையா. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் போற ரோட்டுல மழை நேரத்துல பழைய கல்லு டயரோட ஒரு கொண்டை ஊசி வளைவுலயும், புது டயரோட அதே வளைவுலயும் போனா உடம்பே வித்தியாசத்த சொல்லும், கை ஸ்டியரிங்க அழுத்திப் புடிக்கறத விட்டுடும்.

அடுத்தது ஹெட்லைட். விடிஐல வர்றது எச்4 ஹாலஜன், 60/55 வாட்ஸ். வீட்ல சொல்ற குறை நியாயமானது, எதுத்தாப்ல வர்ற வண்டியெல்லாம் வெள்ளை எல்ஈடியோட வரும்போது நம்ம மஞ்ச வெளிச்சம் காணாமலே போயிடுது. கடையில போனா உடனே ரெண்டு சாய்ஸ் காட்டுவாங்க, ஒண்ணு 100/90 வாட்ஸ் பல்பு, இன்னொண்ணு சொருகற எல்ஈடி பல்பு. ரெண்டும் வேண்டாம். 100/90 சட்டப்படி ரோட்டுக்கு கிடையாது, அதோட சூட்டுல ரிஃப்ளெக்டர் பூச்சு மங்கும், பல்பு சொருகற கப்ளர் உருகும். எல்ஈடி பல்பு பாக்க பளிச்சுன்னு இருக்கும், சுவத்துல அடிச்சுக் காட்டும்போது பிரமாதமா தெரியும், ஆனா அந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழைய வச்சு டிசைன் பண்ணது, எல்ஈடி சிப் உக்கார்ற இடம் கொஞ்சம் தள்ளுனாலும் வெளிச்சம் மேலயும் பக்கத்துலயும் சிதறும். எதுத்தாப்ல வர்ற டூ வீலர்காரர் கண்ணு கூசி ஓரத்துல இறங்குவார். மழையில நனைஞ்ச தார் ரோட்டுல அந்த நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் ரோட்டையே காட்டாது. கண்ணு கூச வச்சு நாம பாக்கறது எனக்கு சரியாவே படல, சின்ன டவுன்ல ராத்திரி சைக்கிள்ல வர்றவங்க எத்தன பேர் இருக்காங்க.

நல்ல வழி ஒண்ணு இருக்கு, அத யாரும் கடையில முதல்ல சொல்ல மாட்டாங்க, ஏன்னா அதுல லாபம் கம்மி. ரிலே வயரிங் கிட். பேட்டரியில இருந்து பல்புக்கு கரண்ட் சுவிட்ச் வழியா மெல்லிசு வயர்ல சுத்தி வர்றப்போ வோல்ட் குறையுது. ஹாலஜன் பல்புல வோல்ட் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும், அது அந்த இழையோட குணம். ரிலே போட்டா சுவிட்ச் ரிலேவ மட்டும் தட்டி விடும், பல்புக்கு பேட்டரியில இருந்து நேரா தடிச்ச வயர்ல கரண்ட் வரும், சுவிட்சுக்கும் ஆயுசு கூடும். அதோட ஆஸ்ரம், ஃபிலிப்ஸ்ல வர்ற அதே 60/55 வாட்ஸ்ல நல்ல தரத்து பல்பு. பழைய கப்ளர கழட்டிப் பாருங்க, பின்னு குத்தற இடத்துல பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்துச்சுன்னா அங்கயே உங்க கரண்ட் கொஞ்சம் சூடா வீணாப் போயிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டும் சேத்து நாலஞ்சாயிரத்துக்குள்ள அடங்கிடும். ஹெட்லைட் மேல இருக்கற பிளாஸ்டிக் மஞ்சளாயிருந்தா பாலிஷ் போட்டுடுங்க. எல்லாம் முடிச்ச அப்புறம் சுவத்துக்கு நேரா வண்டிய நிறுத்தி லைட் அலைன்மென்ட் பாக்கணும், இத பண்ணாம விட்டா மேல சொன்னது எல்லாம் பாதிதான் பிரயோஜனம்.

ஹெட்லைட்ட பிரிச்சு உள்ள பை-எல்ஈடி புரொஜெக்டர் (லோ பீம், ஹை பீம் ரெண்டையும் லென்ஸ் வழியா அடிக்கற எல்ஈடி) வைக்கறதும் ஒரு வழி, நல்லா பண்ற கைகிட்ட போனா வெளிச்சம் வெட்டுன மாதிரி நேர் கோடா விழும், எதுத்த வண்டிக்கும் கூசாது. ஆனா லேம்ப சூடு பண்ணிப் பிரிச்சு திரும்ப ஒட்டறாங்க, சீல் சரியா இல்லன்னா முதல் மழையிலயே உள்ள ஆவி கட்டும், ஒரு செட் லேம்ப் போச்சு. அனுமதி பெற்ற லேம்ப்ல கை வச்சா சட்டப்படியும் இழுபறிதான். பனியில நிறைய ஓட்டறவங்களுக்கு மஞ்ச ஃபாக் லேம்ப் போட்டுக்கறது நல்ல சேர்ப்பு, விடிஐ பம்பர்ல அந்த இடம் மூடிதான் இருக்கும், இசட்டிஐ கவர் வாங்கி மாட்டிக்கலாம்.

சரி, எல்லாரும் ஆவலா கேக்கற ரீமேப். நம்ம 1.3 டீசல் என்ஜின் ஸ்டாக்ல 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர். டர்போ வண்டிங்கறதால சாஃப்ட்வேர் மாத்துனாலே வித்தியாசம் தெரியும், ஸ்டேஜ் ஒண்ணுன்னு சொல்றதுல 110ல இருந்து 115 பிஎஸ், 240 - 250 நியூட்டன் மீட்டர்னு ட்யூனர்கள் சொல்றாங்க. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில இந்த மாதிரி எல்லாம் கிடைக்காது, அதுக்கு ரீமேப் பண்றது காசுக்கு நஷ்டம், அதனால புது பெட்ரோல் பிரெஸ்ஸா வச்சிருக்கவங்க இந்தப் பத்திய தாண்டிப் போயிடலாம். ரீமேப்னா ஓபிடி (ஸ்கேனர் சொருகற சாக்கெட்) வழியா என்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குள்ள போயி பூஸ்ட் (டர்போ காத்தழுத்தம்), டீசல் அளவு, டார்க் லிமிட் எல்லாத்தையும் மாத்தறது. ட்யூனிங் பாக்ஸ்னா வெளிய ஒரு டப்பா, டீசல் அழுத்தத்த அளக்கற ரெயில் பிரஷர் சென்சர் சொல்றத கம்மியா காட்டி ஈசியூவ ஏமாத்தி பிரஷர ஏத்த வைக்கும். டப்பா விலை கம்மி, சர்வீஸுக்கு விடும்போது கழட்டி வச்சுக்கலாம், ஆனா அது குருட்டாம்போக்குல டீசல் மட்டும் கூட்டுது, புகை வரும். ரெண்டுல ஒண்ணுன்னா ரீமேப்தான் முறையான வேலை.

சிக்கல் கிளட்ச்ல இருக்கு. 200க்கு டிசைன் பண்ண கிளட்ச், ஏற்கனவே எண்பதாயிரம் ஓடுன கிளட்ச், அதுல 250 கொண்டு போயி எறக்குனா என்ன ஆகும். நம்ம நண்பர் ஒருத்தர் வண்டி, பண்ண புதுசுல ஆஹா ஓஹோன்னு இருந்துச்சு, நாலாவது கியர்ல 1800ல இருந்து மிதிச்சா முதுகு சீட்டுல ஒட்டும். கொஞ்ச மாசத்துல அதே மேட்டுல மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஏறுது, வேகம் ஏறல, கருகுன வாசம். கிளட்ச் செட்டும் கூலியும் சேத்து ரீமேப் செலவுல பாதிக்கு மேல திரும்பவும் போச்சு. அதனாலதான் சொல்றேன், கிளட்ச் எப்படியும் மாத்தற நேரம் வந்துடுச்சுன்னா அப்ப புது கிளட்சோட சேத்து யோசிங்க, அதுவும் டார்க்க கொஞ்சமா ஏத்தற மேப்பா கேளுங்க. ஈஜிஆர (புகையில ஒரு பகுதிய திரும்ப என்ஜினுக்குள்ள விடற வால்வு) அடைக்கறேன், புகை வந்தா பரவால்லன்னு சொல்ற கடைப்பக்கம் போகாதீங்க, பொல்யூஷன் சர்டிஃபிகேட்டுக்கு டீசல் வண்டிக்கு புகை டெஸ்ட்தான், தவிர பின்னாடி வர்ற பைக்காரர் அந்தக் கரிய சுவாசிக்கணும். இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு சொல்லாம என்ஜின்ல கை வச்சா பெரிய க்ளெய்ம் வரும்போது பிரச்சனை பண்ணுவாங்க.

இன்னொரு விஷயம், 115 தேடறதுக்கு முன்னாடி உங்க வண்டியில அந்த 90 இன்னும் இருக்கான்னு பாருங்க. பழைய டீசல்ல ஈஜிஆர் வால்வும் இன்டேக்கும் கரி அடைச்சு கெடக்கும், இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் லூஸ் ஆயி பூஸ்ட் கசியும், ஹோஸ் மேல எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தா அங்க சந்தேகப்படணும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், காத்து அளக்கற எம்ஏஎஃப் சென்சர் கிளீனிங், இதெல்லாம் ஒரு நாள் வேலை, சில ஆயிரம்தான். இத பண்ணிட்டு "ரீமேப் பண்ண மாதிரி இருக்கு"ன்னு சொன்னவங்க இருக்காங்க. எண்ணெய் தடவுன பர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர் வாங்காதீங்க, இந்த என்ஜின்ல அதனால ஒண்ணும் கூடாது, எண்ணெய் அதிகமாயிட்டா அதே எம்ஏஎஃப் சென்சர்லதான் போயி ஒட்டும்.

உள் அலங்காரம், சவுண்டுக்கு வேகமா வந்துடறேன். பெரிய ஸ்கிரீன விட நாலு கதவுக்கும் டேம்பிங், அதாவது பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டறது நல்ல செலவு, கதவு சாத்துனா "டப்"னு கனமா கேக்கும், இருக்கற ஸ்பீக்கரே நல்லா பாடும். டீசல் சத்தம் இதனால போகாது, அது என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற ஃபயர்வால் தடுப்பு வழியா வர்றது, அந்த எதிர்பார்ப்போட போகாதீங்க. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடறதா இருந்தா வயர வெட்டாம கப்ளர்ல சொருகற மாதிரி கேளுங்க, வெட்டி டேப் சுத்துன வயரிங்தான் பின்னாடி பேட்டரி இறங்கறதுக்கும் ஷார்ட்டுக்கும் ஆரம்பம். ஆனா ஸ்கிரீனுக்கு முன்னாடி டேஷ்கேம் போடுங்க, இந்த ஊர் டிராஃபிக்ல அது சாட்சி. சீட் கவர் விடிஐக்கு பிரச்சனை இல்ல, சீட்டுக்குள்ள ஏர்பேக் வர்ற புது வண்டிகளுக்கு மட்டும் அந்தப் பக்கம் தையல் பிரியற மாதிரி கவர்தான் போடணும்.

முன்னாடி பம்பர்ல இரும்பு கிராஷ் கார்டு வேண்டவே வேண்டாம். பம்பர் நசுங்கி அடிய வாங்கறதுக்குன்னே செஞ்சது, கார்டு போட்டா அடி நேரா சேசிஸுக்குப் போகுது, ஏர்பேக் சென்சர் கணக்கும் மாறலாம், அடிபடற மனுசனுக்கும் அது எமன். 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதுக்கு எதிரா மாநிலங்களுக்கு எழுதியாச்சு. கண்ணாடி ஃபிலிம் விஷயத்துல 2012ல சுப்ரீம் கோர்ட் கருப்பு ஃபிலிம தடை பண்ணுச்சு, 2021 ஏப்ரல்ல இருந்து திருத்துன விதிப்படி முன்னாலயும் பின்னாலயும் 70 சதவீதம், பக்கவாட்டுல 50 சதவீதம் வெளிச்சம் விடற தரமான ஃபிலிமுக்கு இடம் இருக்குன்னு 2024ல கேரளா ஹைகோர்ட் சொல்லியிருக்கு. ஆனா ரோட்டுல நிறுத்தற போலீஸ்கிட்ட இத விளக்கிட்டு நிக்கணும், பில்லையும் சர்டிஃபிகேட்டையும் வண்டியிலயே வச்சுக்கோங்க.

பொதுவா சட்டம் என்னன்னா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில இருக்கற கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருசம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஐயாயிரம் ரூபா அபராதம் இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட சேந்து வரலாம். கம்பெனி சைஸ் டயர், ஒரிஜினல் ஷாக், அதே வாட்ஸ் பல்பு, டேம்பிங் ஷீட் இதெல்லாம் எந்தப் பயமும் இல்லாம பண்ணலாம், என் பட்டியல்ல மேல இருக்கறது எல்லாமே இந்த ரகம்தான்.

கணக்குப் போட்டா அடிப்பாகம் முப்பத்தஞ்சு, டயர் முப்பத்தெட்டு, லைட் அஞ்சு, பிரேக் ஆயில், ஃபில்டர், ஈஜிஆர் கிளீனிங் ஒரு ஆறு, டேம்பிங்கும் டேஷ்கேமும் பதினஞ்சு, ஆக லட்சத்துக்குள்ள அடங்குது. வேலை வரிசையும் முக்கியம், முதல்ல ஷாக்கும் லோயர் ஆர்மும், அப்புறம் டயர், கடைசியா அலைன்மென்ட், ஏன்னா பழைய புஷ்ஷோட புது டயர் போட்டா அஞ்சாயிரம் கிலோமீட்டர்லயே ஓரம் தேஞ்சிடும்.

இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தாது. முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, டவுனுக்குள்ள மட்டும் ஓட்டறேன்னா ஷாக்கெல்லாம் தொடாதீங்க, லைட்டும் டேம்பிங்கும் போதும், டயர் மட்டும் ஓடுன தூரத்த விட வயச வச்சுப் பாருங்க, ஆறேழு வருசம் ஆனா ரப்பர் இறுகிப் போயிருக்கும். வாரா வாரம் சேலம், பெங்களூர்னு ஹைவேல ராத்திரி ஓட்டறவங்க லைட்ட முதல்ல முடிங்க. ஒரு வருசத்துல விக்கற யோசனை இருந்தா பிரேக் ஆயில், பேட், பல்பு, இதுக்கு மேல ஒரு ரூபா போடாதீங்க, அலாய்க்கும் ரீமேப்புக்கும் வாங்கறவர் காசு சேத்துத் தர மாட்டார், ரீமேப்னு கேட்டா விலையக் குறைப்பார். கழட்டுன ஸ்டீல் ரிம், பழைய ஸ்டீரியோ எல்லாத்தையும் மட்டும் எடைக்குப் போட்டுடாம எடுத்து வைங்க, விக்கும்போது கேப்பாங்க.